நிழலுக்குப் பங்கு

இடது இடுப்பில் பிடித்த வலி அன்றைக்கு முழங்காலையும் தாண்டிக் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. பிக்கப்பில் ஏறுவதற்குக் காலைத் தூக்கினால் கால் வரவில்லை. இரண்டு கையாலும் தொடையைப் பிடித்து, மூட்டை ஏற்றுவதுபோல் ஏற்றி வைத்தேன். ரொறன்ரோ ஓரத்தில், மில்லிக்கனில் ஒரு பிளாசாவின் கார் நிறுத்துமிடம். விடிகிற நேரம். எனக்கு முன்னால் ஏறியிருந்த விநாயகமூர்த்தி என் சாப்பாட்டுப் பெட்டியை வாங்கிக் காலடியில் வைத்தான்.

“அண்ணை, உங்கட கால் உங்களுக்கு முன்னம் பென்சன் எடுக்கப்போகுது.”

“கால் போனா நடக்கத்தான் ஏலாது மனே. உன்ட வாய் போனா நீ செத்திருவாய்.”

வண்டி ஓட்டிய கிளென் ஒன்றும் விளங்காமலே சிரித்தான். அவன்தான் முதலாளி. ஏரிக்கரை வீடுகளுக்கு டொக் இறக்கிக் கொடுப்பது அவன் தொழில். டொக் என்பது வெற்று பிளாஸ்ரிக் வீப்பாக்களின்மேல் பலகை அடித்துத் தண்ணீரில் மிதக்கவிடும் மேடை. பனிக்காலத்தில் ஏரி உறைந்தால் பனிக்கட்டி அதை நெரித்துப் போடும். அதனால் குளிருக்கு முன்னம் கரைக்கு இழுத்துவிட்டு, பனி கரைந்ததும் திரும்பத் தள்ளிச் சங்கிலி போட்டுக் கட்டவேண்டும். தள்ளுகிறவர்கள் நெஞ்சளவு தண்ணீரில் நிற்கவேண்டும். போன கிழமைதான் பனி கரைந்தது போலிருக்கும் அந்தத் தண்ணீர். ரப்பர் காற்சட்டை தந்திருந்தான். என்னுடையதில் தையல் விட்டிருந்தது.

எண்பத்தெட்டாம் ஆண்டு, ஜூன் முதற்கிழமை, வெள்ளிக்கிழமை. மே மாதம் முழுக்க இப்படி முப்பத்தொரு டொக் இறக்கியிருந்தோம். அன்றைக்குக் கடைசி ஒன்று. அதுவும் நாங்கள் அதுவரை போகாத ஓர் ஏரியில், ஸ்ரௌவ்வில் என்கிற ஊரைக் கடந்து வடக்கே இன்னும் ஒன்றரை மணி ஓட்டம்.

அந்தக் கடைசி டொக்கில்தான் மூர்த்தியின் கடிதம் இருந்தது. அவன் எண்பத்துநாலில் வந்தவன், பேப்பர் சரியாகிவிட்டது. மனைவி ஜெயமலரும் மகளும் கொழும்பில் ஓர் அறை எடுத்துக் காத்துக்கொண்டிருந்தார்கள். மகளுக்கு நாலு வயது. அவன் அவளைப் போட்டோவில் மட்டும் பார்த்திருந்தான். கனடா எம்பசியில் ஜெயமலருக்கு நேர்முகம் ஜூன் இருபத்திரண்டு. கணவனுக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று முதலாளி கையெழுத்து வைத்த கடிதம் கொண்டுவரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கிளென் ஒப்புக்கொண்டிருந்தான். கடைசி டொக் தண்ணீரில் இறங்கின அன்றைக்குக் கடிதம். பிறகு பனிக்காலத்துக்குத் தச்சு வேலை, மறு வருசம் திரும்ப டொக்.

என் கதை வேறு. நான் அதற்கு முந்தின ஒக்டோபரில் வந்தவன். என் அகதிக் கேஸ் இன்னும் கூப்பிடவில்லை, வேலை செய்ய அனுமதியும் இல்லை. கிளென் கையில் காசாகத் தந்தான். மூர்த்திதான் என்னை அவனிடம் கூட்டிப்போனவன். “இவர் மட்டக்களப்பு, தண்ணிக்குள்ள பிறந்தவர்” என்று சொல்லிச் சேர்த்துவிட்டான்.

பதினொரு மணிக்கு வேலை நின்றது. டொக்கின் இரண்டு துண்டுகளை இணைக்கிற இரும்பு ஊசிகள் இரண்டு குறைந்தன. கிளென் வாய்க்குள் திட்டிக்கொண்டு ரவுணுக்கு வாங்கப் போனான். பிக்கப் மறைந்த பிறகுதான் மூர்த்தி தலையில் கை வைத்தான்.

“ஐயோ அண்ணை, சாப்பாடு வண்டிக்குள்ள.”

விடிய நாலு மணிக்குக் குடித்த தேத்தண்ணிக்குப் பிறகு வயிற்றில் ஒன்றுமில்லை. குளிரில் நின்றவனுக்குப் பசி வேறு மாதிரி வரும். கை நடுங்கும், பல் அடிக்கும். நாங்கள் வேலை செய்த வீடு பூட்டிக் கிடந்தது. சொந்தக்காரர் இன்னும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரனின் டொக் ஏற்கெனவே இறக்கி மிதந்துகொண்டிருந்தது. நான் அதில் ஏறி, குப்புறப் படுத்து, வீப்பாக்களுக்கிடையில் எட்டிப் பார்த்தேன்.

“என்ன, ஏதும் துலைச்சிட்டீங்களோ?”

“சத்தம் போடாத. மீன் நிக்குது.”

“உந்த ஏரி உங்களுக்குத் தெரியுமோ? இண்டைக்குத்தானே வந்தனீங்கள்.”

“ஏரியத் தெரியா. நிழலத் தெரியும்.”

எங்கள் வாவியில் கொப்பு நடுவார்கள். கண்டல் கிளைகளைத் தண்ணீரில் குத்திவைத்தால் மீன் நிழலுக்கு ஒதுங்கும். இந்த டொக்கும் அதுதான். வெயில் படுகிற பக்கம் ஒன்றுமில்லை. நிழலின் விளிம்பிலே, வெளிச்சமும் இருட்டும் பிரிகிற கோட்டில், இரண்டு பச்சை முதுகுகள் அசையாமல் நின்றன. கரைப் பக்கம், ஆழம் குறைந்த இடத்தில், சுளகு அளவுக்கு மணல் வெளிறிக் கிடந்தது. சருகெல்லாம் வாலால் கூட்டித் தள்ளின மாதிரி. அதன்மேல் ஒரு பெரிய மீன். கீழே கரும்புள்ளிகளாகக் குஞ்சுக் கூட்டம், புகைபோல.

பாஸ் என்று இங்கே சொல்கிற மீன். பெயர் எனக்குப் பிறகுதான் தெரியும். ஆனால் அதன் குணம் பார்த்தவுடன் தெரிந்தது. பார்ப்பு என்கிற குஞ்சுக் கூட்டத்தோடு நிற்கும் விராலும் இப்படித்தான் நிற்கும். அது பசிக்குக் கொத்தாது, கோபத்துக்குக் கொத்தும். கிட்டே எதைப் போட்டாலும் தூக்கி எறிய வாயில் எடுக்கும்.

ஒரு பிளாஸ்ரிக் போத்தலில் தங்கூசி நூல் சுற்றி, தூண்டிலும் ஈயமும் வைத்து, ரப்பர் காற்சட்டைப் பைக்குள் எப்போதும் வைத்திருப்பேன். கல்லைப் பிரட்டி மண்புழு எடுத்தேன். முதலில் நிழல் விளிம்பு. சங்கிலி இறங்குகிற மூலையால் ஈயத்தை மெல்ல விட்டேன். விரலில் ஒரு தட்டு, பிறகு ஓர் இழுவை. மேலே வந்ததும் அது தண்ணீரை விட்டுத் துள்ளி எழுந்து தலையை உதறியது. மூர்த்தி பயந்து ஓரடி பின்னால் போனான்.

“அம்மாளாச்சி! என்ன உது, பேயோ?”

“பேய்தான். சுட்டுத் திம்பம்.”

இரண்டாவதும் அதே மூலையில் வந்தது. மூன்றாவது, குஞ்சோடு நின்றது. புழுவைப் பார்ப்புக்கு நடுவே போட்டேன். ஒரு நொடிதான். மூன்று இறாத்தல் இருக்கும். பலகையில் போட்டு வாயிலிருந்து தூண்டிலைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் கீழே பார்த்தேன். எங்கிருந்தோ விரல் நீளச் சின்ன மீன்கள் வந்து அந்தக் கரும்புகைக்குள் புகுந்து தின்றுகொண்டிருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கவே மணல் வெறுமையாயிற்று. எழும்பிவிட்டேன். பசி.

சிறிய இரண்டையும் கீறிச் சுத்தம் செய்து, காய்ந்த கொப்புகள் பொறுக்கி நெருப்பு மூட்டிச் சுட்டோம். உப்பில்லை. மூர்த்தி கையைச் சுட்டுக்கொண்டு முள்ளை வழித்துத் தின்றான்.

“அண்ணை, ஜெயமலர் வந்த பிறகு இப்பிடி ஒரு மீனோட நீங்கள் வீட்டுக்கு வரவேணும். அவள் மீன்குழம்புக்குப் புளி விட்டாளெண்டால் நீங்கள் மட்டக்களப்பை மறந்திடுவீங்கள்.”

“யாழ்ப்பாணத்தாக்கள்ட ஆணத்துல தண்ணிதான் கூட. மீனத் தேடோணும்.”

“அவள் வரட்டும், சொல்லுறன் உங்களுக்கு. வாசலில நிப்பாட்டி வைப்பாள்.” சிரித்துவிட்டுக் கையிலிருந்த முள்ளைப் பார்த்தான். “பிள்ளை முள்ளெடுத்துத் தின்னப் பழகியிருப்பாளோ தெரியாது.”

பெரிய மீன் மிச்சம் இருந்தது. அதை நான் தொடவில்லை.

கொப்பு நட்டவனுக்கு ஒரு பங்கு. எங்கள் பக்கத்து வழக்கம் அது. இன்னொருவன் நட்ட கொப்பில் மீன் பிடித்தால், திறமான மீனைக் கொண்டுபோய் அவன் படலையில் கொடுக்கவேண்டும். அவன் கேட்கும்வரை நின்றால் களவு. நிழல் அவனுடையது. நான் நாற்பத்தொரு வயதுவரை அப்படித்தான் செய்தேன். இந்த நிழல் பக்கத்து வீட்டு டொக்கினுடைய நிழல்.

“எங்க கொண்டு போறீங்கள்?”

“டொக்குக்காரனுக்குப் பங்கு.”

“சும்மா இருங்கோ அண்ணை. வெள்ளைக்காரன் பங்கு கேட்டவனே?”

“கேக்க முதல் குடுக்கிறதுதான் பங்கு.”

மூர்த்தி தோளைக் குலுக்கினான். அவன் உறுதியாகத் தடுத்திருக்கலாம் என்று பிறகு எனக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது என் குற்றத்தில் பாதியை அவன் தலையில் ஏற்றப் பார்க்கிற வேலை. அவனுக்கும் ஒன்றும் தெரியாது. நாலு வருசம் ரொறன்ரோவில் கோப்பை கழுவினவனுக்கு, இங்கே மீனுக்கு மாதம் இருக்கிறது, ஜூன் கடைசிவரை பாஸ் பிடிக்கக்கூடாது, அது குஞ்சு காக்கிற காலம், அதுதான் சட்டம் என்று யார் சொல்லியிருப்பார்கள்?

மீனைக் கழுவி, செவுளில் விரல் கொழுவி, படியேறிப்போய்க் கதவைத் தட்டினேன். சிவப்புத் தொப்பி போட்ட கிழவன் ஒருவன் திறந்தான். இரண்டு கையாலும் மீனை நீட்டினேன். “யூ,” என்றேன். டொக்கைக் காட்டினேன். மூன்று விரல் காட்டினேன். வாயில் வைத்துத் தின்கிற மாதிரிக் காட்டி, சிரித்தேன். கிழவனும் சிரித்தான். உள்ளே போய் ஒரு பை கொண்டுவந்து மீனை வாங்கி, “தாங்க் யூ, தாங்க் யூ” என்று இரண்டு தரம் சொன்னான்.

இறங்கி வந்து மூர்த்தியிடம் சொன்னேன், “பாத்தியா? நல்ல மனிசன்.”

கிழவன் கதவைச் சாத்திவிட்டு ரெலிபோன் எடுத்திருக்கிறான்.

கிளெனின் பிக்கப்பும் பச்சை நிற ஜீப் ஒன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஜீப்பில் வந்தவன் மீன்பிடி இலாகா ஒபிசர். இடுப்பில் துவக்கு. ஊரில் அதைக் கண்டு ஓடித்தான் இங்கே வந்தேன். அவன் நெருப்பைப் பார்த்தான், முள்ளைப் பார்த்தான், போத்தலை எடுத்துச் சுற்றிப் பார்த்தான். கிழவன் பையோடு கீழே இறங்கி வந்தான். யார் பிடித்தது என்று ஒபிசர் கேட்டான். அவ்வளவு இங்கிலீஸ் எனக்கு விளங்கும்.

மூர்த்தி என்னைப் பார்க்காமல், உதடு அசையாமல் சொன்னான்: “அண்ணை, வாயைத் திறக்காதேங்கோ. உங்களிட்டப் பேப்பர் இல்லை. பெயரைக் கேட்டாங்களெண்டால் எயார்போட்டிலதான் நிப்பீங்கள். எனக்கு ஃபைனோட போயிடும்.”

பிறகு இங்கிலீசில் சொன்னான், “நான்தான் பிடிச்சது.”

இல்லை, மீனைக் கொண்டுவந்தவன் இவன் என்று கிழவன் என்னைக் காட்டினான். மூர்த்தி விடவில்லை. பிடித்தது நான், கொடுத்துவிட்டு வா என்று இவரை அனுப்பினேன் என்றான். ஒபிசர் என் பக்கம் திரும்பினான். மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் கேட்டான். அவன் பிடித்தான், நீ கொண்டுபோய் மட்டும் கொடுத்தாய், சரிதானே?

“யெஸ்,” என்றேன்.

ஒபிசர் மூர்த்தியின் பெயரில் அபராதத் துண்டு எழுதினான். பிடிகாலம் இல்லை ஒன்று, லைசன்ஸ் இல்லை இன்னொன்று. தூண்டிலையும் மீனையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அபராதக் காசை மறு கிழமையே நான் மூர்த்தியிடம் கொடுத்தேன். அவன் வாங்கிக்கொண்டான். அது தீர்ந்த கணக்கு.

ஃபைனோடு போகவில்லை. கிழவன் கிளெனைத் தள்ளிக் கொண்டுபோய்ப் பேசினான். அந்த ஏரியில் வீடு வைத்திருக்கிறவர்களின் சங்கத்துக்கு அவன் தலைவனாம். மறு வருசம் நாற்பது டொக் கிளெனுக்குக் கொடுப்பதாக இருந்தார்களாம். கிளென் திரும்பி வந்தபோது கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. மூர்த்திக்கு நேரே வந்து நின்றான்.

இவன் நேற்று வந்தவன், இவனுக்குத் தெரியாது, என்று என்னைக் காட்டினான். நீ நாலு வருசம் இந்த நாட்டில் இருக்கிறாய். தாய் தகப்பன் மீனைக் குஞ்சிலிருந்து பிடுங்கித் தின்பாயா?

மூர்த்தி நெருப்பைக் காலால் மிதித்து அணைத்தான். பிடித்தது நான் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் டொக் இறக்கவேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். முடித்துவிட்டுப் போ என்றான் கிளென். மூர்த்தி திரும்பத் தண்ணீரில் இறங்கினான். அவன் நினைத்தது எனக்குத் தெரியும்: வேலையைத் திறமாக முடித்தால் இவன் கோபம் இறங்கும். நெஞ்சளவு தண்ணீரில் நின்று, அரை மணி நேரம், டொக்கின் பாரத்தைத் தோளில் தாங்கி அசையாமல் பிடித்தான். நான் ஊசியைத் தட்டி இறக்கினேன். அவன் உதடு நீலமாகிவிட்டது. அவன் அன்றைக்கு வேலை செய்த மாதிரி வேலை செய்த ஒருவரை நான் கண்டதில்லை.

கரைக்கு வந்ததும் கிளென் காசை எண்ணிக் கையில் வைத்தான். மூர்த்தி காசைப் பார்க்கவில்லை. “லெற்றர்?” என்று கேட்டான்.

வேலையில் இல்லாதவனுக்கு நான் என்னத்தை எழுதுவது, என்றான் கிளென்.

திரும்பும்போது மூர்த்தி பின்பக்கம், பலகைகளோடு ஏறி இருந்துகொண்டான். நான் முன்னால் இருந்தேன். மில்லிக்கனில் இறங்கி, கிளென் போன பிறகும், இரண்டு பேரும் அந்தக் கார் நிறுத்துமிடத்திலேயே நின்றோம். மூர்த்தியின் காற்சட்டை இன்னும் ஈரமாக இருந்தது.

“அண்ணை, கிளெனிட்டச் சொல்லலாம்தானே. ஒபிசரிட்டச் சொல்லத்தான் பயம். கிளென் உங்களைப் பிடிச்சுக் குடுக்கமாட்டான். காசு கையில குடுக்கிறவன், பிடிச்சுக் குடுத்தால் அவனுக்கும் பிரச்சினை.”

“சொல்றன் மனே. இப்பவே போன் எடுத்துச் சொல்லட்டா?”

“இண்டைக்கு வேண்டாம். உந்த எரிச்சல் இறங்கட்டும். திங்கட்கிழமை சொல்லுங்கோ. நீங்கள்தான் பிடிச்சனீங்கள், நான் உங்களுக்காகச் சொன்னனான் எண்டு. அவன் நல்லவன். கேட்டானெண்டால் லெற்றர் தருவான். இருபத்திரண்டுக்குள்ள அனுப்பிவிடலாம். சொல்லுவீங்கள்தானே?”

“என்ட பிள்ளைகளாணச் சொல்றன்.”

என் அறையில் இருந்த இக்னேசியஸ் அந்த வசனத்தை இங்கிலீசில், தமிழ் எழுத்தில், சிகரெட் பெட்டி அட்டையில் எழுதித் தந்தான். பிடித்தது நான், மூர்த்தி இல்லை, அவன் என்னைக் காப்பாற்றச் சொன்னான். சனியும் ஞாயிறும் பாடமாக்கினேன். திங்கள் விடிய பிக்கப் வந்தது. முன் சீற் காலியாக இருந்தது. கிளென் எனக்கும் ஒரு கோப்பி வாங்கி வைத்திருந்தான். அதுவரை வாங்கியதில்லை. என் காலைப் பார்த்துவிட்டு, இனித் தண்ணீர் வேலை இல்லை, தச்சு வேலை, இருந்துகொண்டே செய்யலாம் என்றான். நீ நல்ல ஆள் என்றான்.

அட்டை சட்டைப் பையில் இருந்தது. எழுத்தெல்லாம் மனதில் இருந்தது. சொன்னால் இந்தச் சீற்றில் மூர்த்தி இருப்பான். பொய் சொன்னவனென்று கிளென் என்னை இறக்கிவிடுவான். இவ்வளவும் எனக்குத் தெளிவாக விளங்கியது. பயத்தில் நா எழவில்லை என்று சொன்னால் நம்புவார்கள். அப்படியில்லை. கோப்பியைக் குடித்தேன்.

அன்று பின்னேரம் மூர்த்தி போன் எடுத்தான். எங்கேயோ கடையிலிருந்து எடுக்கிறான், பின்னால் கோப்பை கழுவுகிற சத்தம்.

“சொன்னீங்களோ அண்ணை?”

“சொன்னன் மனே.”

“என்னவாம்?”

“அவன் கேக்கிறான் இல்ல. கதையாத எண்டுட்டான்.”

“சரி. நீங்கள் என்ன செய்வீங்கள். உங்களால ஏலுமானதைச் செய்தீங்கள்,” என்றான். பிறகு, “கால் எப்பிடி?” என்று கேட்டான்.

ஜெயமலர் இருபத்திரண்டாம் திகதி கடிதமில்லாமல் போனாள். கொண்டுவந்த பிறகு பார்க்கலாம் என்று ஃபைலை மூடிவிட்டார்கள். அறை வாடகை கொடுக்க ஏலாமல் அவளும் பிள்ளையும் ஊருக்குத் திரும்பினார்கள். அதற்குப் பிறகு சண்டையால் கொழும்புப் பாதை பூட்டுவதும் திறப்பதுமாக இருந்தது. மூர்த்தி சாப்பாட்டுக் கடையில் கையில் காசுக்கு நிற்கிறான். அங்கே கடிதம் தரமாட்டார்கள். அந்த வருசம் ஒக்டோபரில் நான் கேட்காமலே கிளென் எனக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தான். நிரந்தர வேலை, நம்பிக்கையான ஆள், கையெழுத்து. அதை லோயரிடம் கொடுத்துத்தான் எனக்கு வேலை அனுமதி கிடைத்தது.

மூர்த்தி இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். மகளின் புதுப் போட்டோ வந்தால் முதலில் எனக்குத்தான் காட்டுவான். போன கிழமை காட்டியதில் அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. “பாருங்கோ கிழவியை,” என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஒன்றரை வருசமாயிற்று. நான் கிளெனிடம் சொல்லவேயில்லை என்பதை விநாயகமூர்த்திக்கு நான் இன்னும் சொல்லவேண்டியிருக்கிறது.